முதல் அளவு

“மூணாவது மெஷினும் பொய் சொல்லுதும்மா. நீங்க கடை நடத்துறீங்களா, கண்கட்டு வித்தை காட்டுறீங்களா?”

மருத்துவக் கருவிக் கடையின் கண்ணாடி மேசைமுன் வந்து நின்ற ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளரைக் கடைக்காரம்மாள் நன்கறிவார். இரண்டு மாதங்களில் இரண்டு முறை இரத்த அழுத்தமானியை மாற்றிக்கொண்டு போனவர். இன்று வெறுங்கையோடு வந்திருந்தார்.

“மெஷின் எங்க சார்?”

“பின்னால வருது. எனக்கு இதயம் சரியில்லை, எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

பின்னால் வந்தது அவர் மனைவி. படிக்கட்டின் திருப்பத்தில் சற்று நின்று, மேலே வந்து, பையை மேசைமேல் வைத்தார். முந்தானையால் கழுத்தின் பின்புறத்தை ஒற்றிக்கொண்டு, வாசலருகே இருந்த நாற்காலியில் அமர்ந்தார்.

கடைக்காரம்மாள் பையிலிருந்த மெஷினின் பட்டையை முதலில் தம் கையில் கட்டிப் பார்த்தார்: நூற்றுப் பதினெட்டு. பிறகு ஆய்வாளர் கையில் கட்டினார்: நூற்று நாற்பத்திரண்டு.

“சரியாத்தானே சார் காட்டுது?”

“இங்க வந்தா யோக்கியன் ஆயிடும். காலையில வீட்ல பார்க்கணும் இதோட லட்சணத்தை! முதல் தடவை கட்டினா நூத்தித் தொண்ணூறு, நூத்தித் தொண்ணூத்தஞ்சு. அடுத்த நிமிஷமே திரும்பக் கட்டினா நூத்தி நாப்பது. தராசு இப்படி ஆடியிருந்தா அன்னிக்கே அந்தக் கடையைப் பூட்டி சீல் வச்சிருப்பேன்.”

“போன ரெண்டு மெஷினும் இப்படித்தான் காட்டுச்சா?”

“அச்சு மாறாம.”

கடைக்காரம்மாளின் முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு மறைந்தது.

“மூணு மெஷின் கூடிப் பேசிக்கிட்டு ஒரே பொய்யைச் சொல்லாது சார். அந்த முதல் அளவு நிஜமாவே இருந்தா?”

“இருந்தா?”

“இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் இறுகிப்போன கதவைத் தள்ளுற மாதிரி தள்ளுதுன்னு அர்த்தம். தள்ளித் தள்ளி அதோட சுவர் தடிச்சுப் போகும். தடிச்சா பலம்னு நினைச்சிடாதீங்க. விறைச்சுப் போகும், ஓய்ஞ்சு போகும். திடீர்னு ஒரு நாள் கைவிட்டுடும். அதுவரைக்கும் பல பேருக்கு வலிகூட இருக்காது.”

“எனக்கு லேசா தடிச்சிருக்காம்,” என்றார் அவர், பதவி உயர்வை அறிவிக்கும் குரலில். “அதனாலதானே இந்த அளவு எனக்கு உயிரா இருக்கு! இதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுறதும் குறைக்கிறதும். சாப்பாட்டுல உப்பு கிடையாது. எனக்குத் தனிச் சமையல். என் பங்கு உப்பையும் சேர்த்து இவதான் சாப்பிடறா.”

தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். நாற்காலியில் இருந்தவரும் வழக்கம்போல் சிரித்து வைத்தார்.

“வேளாவேளைக்கு மாத்திரை கைக்கு வந்துடும். வீட்ல யாரும் எதிர்த்துப் பேசறதில்லை. படி ஏறி இறங்குற வேலையெல்லாம் இவளோடது. இவ்வளவு ஒழுங்கா இருக்கிறவனுக்கு நூத்தித் தொண்ணூறு எப்படிம்மா வரும்?”

“அதான் சார் எனக்கும் பயமா இருக்கு. சில பேருக்குக் காலையில திடீர்னு ஏறும். இன்னிக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. மெஷினைத் திட்டிக்கிட்டு உயிரை விட்டுடாதீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது.

“எனக்கே பாடம் எடுக்கறீங்களா? சர்வீஸ் முழுக்கத் தராசைப் பார்த்தவன் நான். நல்ல எடைக்கல்லை வச்சும் முள் தப்பாக் காட்டினா, குத்தம் தராசுலதான். கல்லைச் சந்தேகப்பட்டா அப்புறம் எதை வச்சுத்தான் சோதிக்கிறது?”

“ஏங்க,” என்றார் மனைவி மெதுவாக, “இதை இங்கேயே விட்டுட்டுப் போயிடலாமா? திரும்பவும் தூக்கிட்டு இறங்கணுமே...”

“இறங்குறதுக்கு என்ன? ஏறுறதுதான் கஷ்டம்,” என்று அவர் தீர்ப்பளித்தார்.

கடைக்காரம்மாள் பொறுமையை இழக்கவில்லை. புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஆனால் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“மாத்திக் கொடுக்கறேன். அதுக்கு முன்னாடி, வீட்ல எப்படிப் பார்க்கறீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. கட்டுற விதத்துலகூடத் தப்பு இருக்கலாம்.”

“என் விதத்துல தப்பா! எழுந்ததும் காபி கிடையாது. நாற்காலியில சாய்ஞ்சு, காலைத் தரையில ஊனி, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருவேன். கை மேசைமேல, நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். போதுமா?”

“போதும் சார். அந்த முதல் தடவை எந்தக் கையில கட்டறீங்க, இடதுலயா வலதுலயா?”

ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். தொழில் தெரியாதவரிடம் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதே என்னும் சலிப்போடு, புதுப் பெட்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சோதிக்காத மெஷினை எடுத்த எடுப்புல என் கையில கட்டுவேனா? முதல்ல இவ கையில கட்டித்தான் சோதிப்பேன். இவளுக்குத்தான் ஒரு வியாதியும் கிடையாதே!”