குழந்தை இல்லாமல் வந்தவர்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் அப்போது இருந்தவர்கள்: வரவேற்பு மேசையில் ஆஞ்சலா, அழும் மகனைத் தோளில் போட்டு உலாத்திய மைக்கேல்ராஜ், சிவசங்கரன், அவர் வீட்டில் சமைக்கும் சரசு. உள்ளே டாக்டர் வீணா. சிவசங்கரனிடம் குழந்தை இல்லை.

“முதல்ல டாக்டரைப் பாக்கணும். குழந்தை அப்புறம் வரும்” என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இது மூன்றாவது கிளினிக். முதல் டாக்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டே மருந்து எழுதினார். அடுத்தவர் எதுவும் விசாரிக்காமலே பால்பவுடர் டப்பாவை நீட்டினார். இருவரையும் சிவசங்கரன் ஒதுக்கிவிட்டார். பச்சைக் குழந்தையைத் தப்பான கையில் கொடுக்க முடியுமா?

மைக்கேல்ராஜ் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. வீணா ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் பையனின் மார்பில் வைத்தார். அழுகை நின்றது.

“இவங்கதான்” என்றார் சிவசங்கரன்.

ஆஞ்சலா பேனாவை எடுத்தாள். “பேர் வைக்கலைன்னா பரவாயில்ல சார். ஆணா, பொண்ணா?”

சரசு வாயைத் திறந்தாள். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

“குழந்தைன்னு எழுதிக்கம்மா.”

“அதுகூடத் தெரியாத தாத்தாவா?” என்று ஆஞ்சலா சிரித்தாள்.

வெளியே வந்ததும் சரசுவிடம் குரலைத் தாழ்த்தினார். “அங்க போறப்ப நீயே விசாரிச்ச மாதிரி சொல்லு. என் பேரு வரக் கூடாது. பெரியவங்க சொன்னா இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேக்காது.”

தடுப்பூசி நாளன்று சிவசங்கரன் கடைசி நாற்காலியில் நாளிதழோடு இருந்தார். ஆஞ்சலா ஏதோ கேட்க வந்து, அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

“பேபி ஆஃப் லாவண்யா” என்று அழைத்தாள். பெயர் வைக்காத குழந்தைக்கு அங்கே தாயின் பெயர்தான்.

நாளிதழ் அவர் முகத்துக்கு ஏறியது. ஒரு துப்பட்டா முழங்காலை உரசிக்கொண்டு போனது. துண்டுக்கு வெளியே சின்னஞ்சிறு பாதம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். கை நாளிதழை விடவில்லை. கதவு சாத்தும்வரை “ராஜாத்தி” என்று டாக்டர் குழந்தையைக் கொஞ்சும் குரல் கேட்டது.

அன்று மாலை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மைத்துனன் அசோகன் வந்தான்.

“மாமா, அத்திபெலே ஊர்ல பேசிக்கிறாங்க. நம்ம லாவண்யாவுக்குப் பையனாம்.”

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி வித்யாலட்சுமியின் கை அந்தரத்தில் நின்றது. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகளின் பெயரை இந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது சிவசங்கரனின் உத்தரவு. இரண்டு வருஷமாக யாரும் மீறியதில்லை.

சிவசங்கரன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“பையன் இல்ல. பொண்ணு.”