ஓடைக்கு அந்தப் பக்கம்

“அந்த நாலு பத்திரத்தையும் ஓரமா வைடி. முதல்ல இதுல முத்திரையைக் குத்து!”

என்று மார்லிஸ் பறந்தாள். வெர்னா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்று காலை முதலாவதாக வந்த பத்திரத்தைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, நேரத்தோடு முத்திரை குத்தி, இரண்டாவதை எடுத்தாள்.

அன்று வெள்ளி. செவ்வாய்க்கிழமை தேர்தல். அந்த மாவட்டத்துப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் துணைப் பதிவாளராகக் குப்பை கொட்டிய வெர்னா, இப்போது பதிவாளர் பதவிக்கு நிற்கிறாள். அங்கே பதிவாளரையும் ஊரார் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எதிரே நிற்பவன் வீடு வாங்கி விற்கும் டால்ட்டன். வாய் சாமர்த்தியக்காரன். இருவருக்கும் ஓடைச் சாலையில்தான் வீடு. அவனுடையது போன வருடம் கட்டியது, இவளுடையது அப்பா விட்டுப்போனது. வீட்டு வாசலுக்கு வாசல், சோளக்காட்டு வேலிக்கு வேலி, இருவரின் தேர்தல் பலகைகளும் முறைத்துக்கொண்டு நின்றன.

மார்லிஸ் பக்கத்து மேசைக்காரி. வெர்னாவின் தோழி, தேர்தலில் தளபதியும் அவள்தான். ஊரெல்லாம் சுற்றி, வெர்னாவின் பெயர் அச்சடித்த மர ஸ்கேல்களை வீடு வீடாகக் கொடுத்தவள். ‘வந்த வரிசை, வந்த நேரம்’ என்று அதில் போட்டிருக்கும். பதிவு அலுவலகத்தில் அதுதான் வேதம்.

காலையில் சர்வேயர் ஆர்வின் ஒரு வரைபடச் சுருளோடு வந்தார். ஓடைப் பாலத்தைப் புதுப்பிக்க அளந்தபோது பழைய எல்லைக்கல் ஒன்று அகப்பட்டதாம்.

“ஓடைதான் மாவட்ட எல்லைன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தோம். அது தடம் மாறியே நூறு வருஷம் ஆயிருக்கு. தேர்தல்ல நிக்கிற ஆளோட வீடு ஒண்ணு பக்கத்து மாவட்டத்துல போய் விழுது. பாவம். எனக்குச் சொல்ல வாய் வரலை, நீங்களே பார்த்துக்குங்க” என்று மார்லிஸிடம் சுருளைக் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மாவட்டத்தில் குடியில்லாதவர் அந்த மாவட்டத்துப் பதவிக்கு நிற்க முடியாது. மார்லிஸுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. சுருளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வெர்னாவிடம் ஓடினாள்.

வெர்னா அதை விரித்து, தன் பெயர் போட்ட ஸ்கேலை வைத்து ஒருமுறைக்கு இருமுறை அளந்தாள். பிறகு ஐந்தாவதாக வரிசையில் வைத்தாள்.

“எத்தனை அடி?” என்றாள் மார்லிஸ்.

“நாப்பது அடி அந்தப் பக்கம்.”

“போதும் போதும்! வீட்டைத் தூக்கி இந்தப் பக்கம் வைக்கவா முடியும்?”

மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். வெர்னா மூன்றாவது பத்திரத்தைப் புரட்டினாள்.

“மார்லிஸ், இதைப் புதன்கிழமை வரைக்கும் டிராயர்ல வச்சிருந்தா என்ன?”

“உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? இருபத்தாறு வருஷத்துல ஒரு தாளை ஒளிச்சு வச்சிருப்பியாடி நீ? இரக்கப்பட வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?”

வெர்னா மூன்றாவதில் முத்திரை குத்தி, அடுத்ததை எடுத்தாள்.

“நீ சொல்றது சரிதான்” என்று நாலாவதிலும் முத்திரை குத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு டால்ட்டனே வந்து நின்றான். கையில் யாரோ வீடு விற்ற பத்திரம்.

“குட் மார்னிங். வேட்பாளருக்கு வேட்பாளர் வரிசையில நிக்கணுமா, இல்ல சலுகை உண்டா?” என்று சிரித்தவனின் கண், விரிந்து கிடந்த வரைபடத்தில் விழுந்தது. நிலம் விற்றே பிழைப்பவன், ஒரு நொடியில் படித்துவிட்டான். சிரிப்பு செத்துவிட்டது.

“வெர்னா மேடம், இதை இன்னைக்கே பதிஞ்சாகணுமா?” குரலைத் தாழ்த்தினான். “தேர்தல் முடியட்டுமே. சத்தியமா நான் வெளியில மூச்சு விட மாட்டேன்.”

“இவரு மூச்சு விட மாட்டாராம்ல!” மார்லிஸ் கைகொட்டினாள். “காலையிலதான் வரைபடம் வந்துது, அதுக்குள்ள கெஞ்சல் ஆரம்பிச்சிருச்சு பாரு!”

டால்ட்டன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“உங்க பத்திரம் ஆறாவது, டால்ட்டன்” என்றாள் வெர்னா. “இது அஞ்சாவது. வந்த வரிசைதான்.”

முத்திரை விழுந்தது. காலை பத்து நாற்பத்திரண்டு. இனி அது ஊரார் யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பத்திரம்.

மார்லிஸ் அந்த நொடியே போனை எடுத்தாள். உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தின் எண்ணை உற்சாகமாக அழுத்தினாள்.

டால்ட்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். வெர்னா அவனுடைய பத்திரத்தை வாங்கி, முதல் பக்கத்தைப் புரட்டியபடியே சொன்னாள்.

“அப்படியே நம்ம ஆளுங்களுக்கும் ஒரு போன் போட்டு, பலகையெல்லாம் பிடுங்கச் சொல்லிடு மார்லிஸ். என் வீட்டு வாசல்ல இருக்கறதை முதல்ல எடுக்கச் சொல்லு. அது பக்கத்து மாவட்டம்.”