யாரும் எழுந்து இடம் தரவில்லை

"பிரசவத்துக்கு அம்மாகிட்ட போக இன்னைக்கே டிக்கெட் போட்டுடணும், தெட்சுயா. எட்டாவது மாசம் பொறந்துட்டா விமானத்துல ஏத்த மாட்டாங்க" என்றாள் கிளேர், ரயிலில் தொங்கிய பிடியைப் பற்றிக்கொண்டே.

"மெதுவாப் பேசும்மா. பெட்டி முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டும். கேட்டாலும் நிமிர்ந்து பார்க்கவா போறாங்க?"

டோக்கியோவின் காலைக் கூட்டம். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் போனில் குனிந்திருந்தார்கள். கர்ப்பிணி என்று தெரிவிக்கும் சின்ன அட்டை கிளேரின் கைப்பையில் ஆடிக்கொண்டிருந்தது. தினமும் இதே ரயிலில் தனியாகத்தான் வேலைக்குப் போவாள். இன்று டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதால் கணவன் தெட்சுயாவும் விடுப்பு எடுத்து உடன் வந்திருந்தான்.

"எங்க சிகாகோவுல பஸ்ல ஏறினாப் போதும், நாலு பேர் எழுந்திருப்பாங்க. 'உட்காரும்மா, எத்தனை மாசம், பேர் வெச்சாச்சா'ன்னு டிரைவர் வரைக்கும் விசாரிப்பார். இங்க மூணு மாசமா இந்த அட்டையை மாட்டிக்கிட்டுப் போறேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் 'உட்காருங்க'ன்னு எழுந்தது உண்டா?"



ரயில் நின்றது. எதிரே கண்ணை மூடியிருந்த நரைத்த மீசைக்காரர் திடுக்கிட்டு விழித்து, கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். அந்த இடத்தில் கிளேர் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பார்த்தியா? யாராவது இறங்கினாத்தான் எனக்கு இடம். உங்க ஊர்க்காரங்களை நம்பினா நின்னுக்கிட்டேதான் பெத்துக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது அடங்கியும் போனது.

"குழந்தை பொறந்ததும் ரெண்டு பேரும் திரும்பி வந்துடுவீங்கதானே, கிளேர்?"

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"இந்த ஊர்ல என் குழந்தையை வளர்க்க ஒரு காரணம் சொல்லு. நீ இருக்கே, அது சரி. உன்னைத் தவிர?"

அவன் குனிந்து அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "அடுத்தது நாம இறங்கற இடம். படிக்கட்டு பக்கத்துப் பெட்டிக்கு நேரா வரும். உள்ளேயே நடந்துடலாம், வா."

இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருந்த கதவை அவன் இழுத்துத் திறந்தான். உள்ளே கால் வைத்த கிளேர் அப்படியே நின்றுவிட்டாள்.

சற்று முன் இறங்கிப் போன நரைத்த மீசைக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார்! அவளைக் கண்டதும், திருடிவிட்டு அகப்பட்டவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை அடுத்து, நேற்று இதேபோல் அவள் எதிரிலிருந்து எழுந்து இறங்கிய குண்டு மனிதர். அப்பால், போன வாரம் இறங்கிய பள்ளிக்கூடப் பெண். அதற்கு முந்தின வாரம் இறங்கிய தாடிக்காரர், சிவப்புக் குடைக்காரப் பெண்மணி... உட்கார இடமில்லாமல் எல்லோரும் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"இவங்க எல்லாரும் இறங்கிட்டாங்களே, தெட்சுயா!"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிட்டு எழுந்தா நீ நன்றி சொல்லணும். அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம்னு இறங்கற மாதிரி இறங்கி, இதுல ஏறிட்டாங்க. மறுநாள் உன் கண்ணுல பட முடியுமா? அதான் தினமும் இந்தப் பெட்டியிலேயே வர்றாங்க. நீயும் பார்க்காத மாதிரி வந்துடு."

கிளேர் தரையைப் பார்த்தபடி அவர்களைக் கடந்து போனாள். கதவருகே வந்ததும் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மாவை இங்க வரச் சொல்லிடலாம்" என்றாள்.