பட்டியலில் கடைசி ஆள்

"நாலாம் நம்பர் நான்தானே? அஞ்சாவது ஆளைக் கூப்பிடுறாங்களே!"

அவள் பதறிப்போய் எழுந்தாள்.

சட்டமன்றத்தின் விவசாயக் குழு அன்று விதைச் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. விதை பொய்த்துப்போனால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்ற பிரிவு இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்பதுதான் பேச்சு. மக்காச்சோளம் போட்டு ஏமாந்த நாற்பது குடும்பங்கள் சேர்ந்து அவளைப் பேச அனுப்பியிருந்தன. துணைக்கு வந்தவன் கொழுந்தன்.

ஹாலின் ஓரத்தில் பட்டியலோடு உட்கார்ந்திருந்த பெண் அலுவலரிடம் ஓடினாள்.

"அம்மா, என் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை. கூப்பிடும்போது வாங்க."

"காலையில நாலுன்னு சொன்னீங்களே?"

"இப்ப மாத்தியிருக்கு. போய் உட்காருங்க."

வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பதில் வந்தது. அவள் திரும்பி வந்தாள்.

ஆறு போனது. ஏழு போனது. எல்லோரும் சாப்பிடப் போய்த் திரும்பியும் வந்தார்கள். அவள் இடத்தை விட்டு எழவில்லை. பேச எழுதிக் கையில் வைத்திருந்த தாள் வியர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் கலங்கிப்போனது.

நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா? நாற்பது வீட்டுக்கும் எந்த முகத்தோட திரும்பிப் போறது?

"அண்ணி, இந்தம்மா விலை போயாச்சு. கம்பெனிக்காரன் நல்லாக் கவனிச்சிருப்பான்" என்று கொழுந்தன் பல்லைக் கடித்தான்.

மூன்றரை மணிக்கு விதைக் கம்பெனி மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"எங்க விதையில ஒரு குறையும் இல்லைங்க. பூக்குற நேரத்துல தண்ணி விடலை. வெயிலும் அதிகம். விவசாயிக்குப் பக்குவம் தெரியலைன்னா நாங்க என்ன பண்ண முடியும்?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். குழுத் தலைவர் பேனாவை மூடினார்.

"அவ்வளவுதானே?"

"இன்னும் ஒருத்தர் இருக்காங்க ஐயா" என்றாள் அலுவலர்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது மைக் முன்னால் வெடித்தது.

"ஐயா, முதல்ல ஒரு புகார். இந்தம்மா என்னை வேணும்னே கடைசியில தள்ளிட்டாங்க. யாருக்காகத் தள்ளினாங்கன்னு அவங்களைக் கேளுங்க!"

அலுவலர் நிமிரவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். தலைவர் அலுவலரை முறைத்துவிட்டு மைக் பக்கம் திரும்பினார்.

"அதை அப்புறம் விசாரிக்கிறேன். விஷயத்துக்கு வாங்கம்மா."

அவள் தாளைப் பார்த்தாள். ஒரு வரியும் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டாள்.

"பக்குவம் தெரியலைன்னு சொன்னாரே, என் வயல் ஒண்ணுதாங்க. பாதியில பழைய விதை, பாதியில இவங்க விதை. ஒரே நாள்ல விதைச்சேன், ஒரே கிணத்துத் தண்ணியைத்தான் பாய்ச்சினேன். பழைய விதையில கதிர் முழுக்க மணி. இவங்களோடதை உரிச்சா வெறும் சக்கை. வெயில் என்ன, வரப்பு பார்த்தா அடிச்சுது?"

தலைவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

மேனேஜர் பாதி எழுந்தார். "நான் இதுக்கு ஒரு விளக்கம்..."

"உங்க நேரம் முடிஞ்சுதுங்க" என்றார் தலைவர். பிறகு உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "அந்தப் பிரிவை எடுக்கணும்னு இன்னும் யாராவது சொல்றீங்களா?"

ஒரு கையும் உயரவில்லை.

எல்லோரும் கலைந்தபின், பேசியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட அலுவலர் அவளைக் கூப்பிட்டாள். படித்துப் பார்த்தவள் திகைத்தாள். அவள் சொன்ன புகார், ஒரு சொல் குறையாமல் முதலிலேயே இருந்தது.

"உங்க மேல சொன்னதை நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"சொன்னதெல்லாம் எழுதணும். அதுக்குத்தான் சம்பளம்."

"அப்போ எங்க அண்ணியை ஏன் தள்ளினீங்க?" கொழுந்தனின் குரல் இன்னும் இறங்கவில்லை.

அலுவலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வந்த மனு அத்தனையும் படிச்சேன். பாதிக்குப் பாதி விதைச்சுப் பார்த்தவங்க இவங்க ஒருத்தர்தான். நாலாவதா பேசிட்டுப் போயிருந்தா, அந்த மேனேஜருக்கு யாருப்பா பதில் சொல்லியிருப்பா?"