மூன்று விரல் தடம்

அப்பாவின் இரண்டு விரல்களை முதலில் தின்ற ஆலை இயந்திரம், போன மாதம் ஆளையே தின்றது. பதிலுக்கு மகளுக்கு வேலை தருகிறோம், இன்று ஐந்து மணிக்குள் கணினியில் விண்ணப்பி என்றது நிர்வாகம். "படிச்ச பொண்ணு நீ, அந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று சொல்லித்தான் அப்பா அந்தக் கணினியையே வாங்கித் தந்திருந்தார்.

விண்ணப்பத்தில் அவர் இறந்த தேதியை அவள் அடித்ததும் திரை இருண்டது. வாரண்டி முடிந்து இரண்டு வருடம். மெக்கானிக் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாரும்மா மூலையில இப்படி அழுத்துனது? மூணு விரல் பதிஞ்சிருக்கு."

"எங்கப்பா. படம் போனா அங்கதான் அழுத்துவாரு."

"அழுத்தியே கொன்னுட்டாரு."

கடையிலிருந்து வேறொரு மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். அவள் தேதியை அடித்தாள். அதுவும் இருண்டது. அதே மூலையில் மூன்று விரல் தடம். மெக்கானிக் டார்ச்சை நெருக்கிப் பிடித்தார்.

"இது உள்ள இருந்து அழுத்துனதும்மா" என்றவர், பையைக்கூட மூடாமல் படியிறங்கிவிட்டார்.

மணி நாலே முக்கால்.

"கையை எடுங்கப்பா" என்றாள் அவள். "உங்களுக்கென்ன, போய்ச் சேந்துட்டீங்க. அம்மாவுக்கு யாரு சோறு போடுறது?"

தடம் அசையவில்லை. அவள் மூலையை அழுத்தினாள், தட்டினாள், குத்தினாள்.

ஐந்துக்கு ஆலைச் சங்கு ஊதியது. திரை பளிச்சென்று தெளிந்தது. விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. மூலையில் ஒரு தடமும் இல்லை.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "அனுப்பிட்டியாடி?"