புது டயர்

பக்கவாதம் தாக்குவதற்கு முந்தின நாள் ஜெரி கடைசியாகச் செய்த வேலை, இரண்டு சைக்கிளுக்கும் புது டயர் மாட்டியதுதான். விசாகப்பட்டினத்திலிருந்து ராயபுரம் வரை 800 கிலோமீட்டர் மனைவி ரூத்தோடு மிதித்து வர வேண்டும் என்பது கூட்ஸ் ரயில் கார்டாக இருந்த காலத்தில் முளைத்த ஆசை.

பதினான்கு மாதம் கழித்து, எண்ணூர் தாண்டித் திருவொற்றியூர் வந்ததும் அவருடைய வலது கால் நின்றுவிட்டது.

“முடியலமே ரூத்து. நீ போ.”

“இன்னாது? ஆந்திரா பூரா மிதிச்சிட்டு, வூட்டாண்ட வந்து பேஜாரு பண்றியா? நீ இல்லாம நான் மட்டும் போயி இன்னா பண்றது? மிதிய்யா!”

ஜெரி சிரித்துவிட்டார். கால் மறுபடி சுற்றத் தொடங்கியது. காசிமேடும் போனது. மீட்டரில் 800 விழுந்ததும் இருவரும் விடாமல் மணியடித்தார்கள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஃபாத்திமா கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் ஓடி வந்தாள்.

“ராயபுரம் வந்துட்டீங்களா அக்கா?”

“வந்துட்டோம்டீ!” என்ற ரூத், இறங்கிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் கடைசிப் புள்ளியை வைத்தாள்.

ஸ்டாண்டு போட்டிருந்த இரண்டு சைக்கிள்களின் பின்சக்கரங்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெரி மாட்டிய டயர்களில் புது ரப்பர் முட்கள் ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை.