கடைசியாக இறங்கியவர்

பிள்ளையின் ஈரத்துணிகளைப் பிழிந்து, அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மாசிப் பனியில் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வெளியே எதுவும் காய்வதில்லை.

“இன்னைக்கும் போயிட்டாளா?” என்று கேட்டார் அத்தை.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

போனது சந்தனம், என் கொழுந்தன் பெண்டாட்டி. கொழுந்தன் அழகுமலை பட்டாளத்தில் இருக்கிறார். வங்காளத்துப் பக்கம் சண்டை முடிந்து இரண்டு மாசமாகிவிட்டது. அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தபால்காரர் லயத்துப் பக்கம் திரும்பினாலே எங்கள் வீட்டில் யாருக்கும் மூச்சு வராது.

இந்த நேரத்தில்தான் ஒரு வாரமாக, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, போடிமெட்டு ரோட்டோரம் போட்டிருக்கிற சினிமாக் கொட்டகைக்குப் போகிறாள் சந்தனம்.

அடுத்த வீட்டு மாரித்தாய் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“என்ன படம்க்கா அது. பரிசம் போட்ட மறுநாளே அவன் சண்டைக்குப் போயிருதான். அந்தப் புள்ள ஸ்டேசன் ஸ்டேசனா அவனைத் தேடிக்கிட்டு நிக்கா. அழுது அழுது எம் முந்தானையே நனைஞ்சு போச்சு. இன்னைக்குக் கடைசி நாளாம், மறுபடியும் கெளம்பிட்டேன்.”

அத்தை விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

“அவளும் பொம்பளை, ஒங்க மருமவளும் பொம்பளை” என்றாள் மாரித்தாய், போகிற போக்கில். “புருசன் இருக்கானா இல்லையான்னே தெரியல, இவளுக்குச் சினிமா கேக்குது.”

அத்தை எழுந்துவிட்டார்.

“ஏளா, பிள்ளையத் தூக்கு. இன்னைக்கு அவ முடியப் புடிச்சு இழுத்துட்டு வாரேன்.”

 ஆம்பளைகள் கூடுகிற இடத்தில் நான் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற சூசையப்பன் எங்களை மறித்தார்.

“உள்ள எம் மருமவ இருக்கா, விடு” என்றார் அத்தை.

“சந்தனமா? சித்த நில்லுங்கம்மா, அதுவே வந்துரும். மொதல்ல போடுற செய்திப்படம் முடிஞ்சதும் எந்திரிச்சு வந்துரும். இத்தனை நாள்ல படத்துல ஒரு சீன்கூட அது பாத்ததில்ல.”

அத்தை தட்டியை விலக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

எல்லாருக்கும் முன்னால், திரைக்குக் கீழே மணலில் உட்கார்ந்திருந்தாள் சந்தனம். திரையில் ஒரு ரயில் வந்து நின்றது. பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கும்போது சந்தனம் எழுந்து நின்றுவிட்டாள்.

“யாருட்டி அது, மறைக்காம உக்காரு.” மாரித்தாயின் குரல்தான்.

செய்திப்படம் முடிந்தது. வெளியே வந்த சந்தனம் அத்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“அத்தே, ரயில்ல இருந்து கடைசியா எறங்குறது அவுக மாதிரியே இருக்கு. மூஞ்சிய முழுசாப் பாக்குறதுக்குள்ள மாறிருது. நிச்சயமாத் தெரிஞ்சப்புறம் ஒங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். சொல்லிட்டு, அப்புறம் இல்லேன்னு ஆயிட்டா நீங்க தாங்க மாட்டீங்க.”

“அதுக்குத்தான் இந்த ஒரு வாரமா நான் ஏசினதையெல்லாம் வாய மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தியா?”

சந்தனம் குனிந்துகொண்டாள். உள்ளே படம் ஆரம்பித்து, பெண்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

“நாளைக்குப் படத்தை மாத்திருவாங்க. இதையும் சேத்துக் கொண்டு போயிருவாங்க. இனிமே பாக்க முடியாது அத்தே.”

அத்தை அவள் கையைப் பிடித்தார்.

“இனிமே எதுக்குப் பாக்கணும்? பெத்தவளுக்குத் தெரியாதா? அவன்தான். பெட்டி சட்டியோட சொகமா எறங்கி வாரான். நீ வந்து சோறு தின்னு.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு சந்தனம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

விடிந்ததும் நான் அடுப்படியில் இருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் குந்தினார்.

“ஏளா, நேத்து நீயும் பாத்தியே. அது அவன்தானா?”

“நீங்கதானே அத்தே அவருன்னு சொன்னீங்க.”

“எனக்கு எங்க தெரிஞ்சுது. கண்ணுல புரை விழுந்து ஒரு வருசமாச்சு, நான் யார்ட்டயும் சொல்லல. திரையில வெளிச்சம் ஆடுனதுதான் தெரிஞ்சுது. அவ நாலு வாய் திங்கட்டுமேன்னு சொல்லி வச்சேன்.” அவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “நீ நெசத்தச் சொல்லு. அது எம்புள்ளதானா?”

நான் நன்றாகத்தான் பார்த்திருந்தேன். அது வேறு யாரோ.

“அக்கா, பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிட ஆரம்பிச்சிருவாங்க, வாங்க.” வாசலில் கூடையோடு நின்றாள் சந்தனம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“அவருதான் அத்தே” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். “நானும் பாத்தேன். அந்த நடை, அந்தத் தோளு, எல்லாம் அப்படியே நம்ம…”